எண்ணிக்கையாக நின்ற பெயர்கள்: முதல் உலகப் போரின் முஸ்லிம் சிப்பாய்களும் நம் கடமையும்

வேலூர் லாங் பஜாரில், வணிகத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. அதில் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு பதிக்கப்பட்டுள்ளது. 1914-18 பெரும் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர் நீத்தனர் என்றும் அது தெரிவிக்கிறது. அவ்வளவே. அந்தப் பதினால்வர் யார், எவருடைய மக்கள், எந்தத் தெருவில் வாழ்ந்தனர், எந்த மண்ணில் அடங்கினர் என்பதைக் கல் சொல்லவில்லை.

இது வேலூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. போர் முடிந்தபின் இந்தியாவின் பல ஊர்களில் ஆங்கில அரசு இத்தகைய கற்களைப் பதித்தது. வாசகம் ஏறக்குறைய ஒன்றே. ஊரின் பெயரும் இரண்டு எண்களும் மட்டுமே மாறும். சென்றவர் இத்தனை, மாண்டவர் இத்தனை.

அக்காலத்துச் சென்னை மாகாணப் படைப்பிரிவுகளில் தமிழர், தெலுங்கர் ஆகியோருடன் மாகாண முஸ்லிம்களும் தனிப் பிரிவினராகச் சேர்க்கப்பட்டனர். ஆகவே இக்கற்களின் எண்களுக்குள் நம் மஹல்லாக்களின் பிள்ளைகளும் இருந்திருக்கக்கூடும். நம் குடும்பங்கள் சிலவற்றில் "பெரிய பாட்டனார் பட்டாளத்தில் இருந்தாராம்" என்ற ஒற்றை வரி இன்றும் வழங்கி வருகிறது. அதற்கு மேல் கேட்டால் பெரியவர்களும் மௌனமாகிவிடுகின்றனர். அந்த மௌனத்திற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால், அம்முன்னோரை எவ்வாறு கண்ணியப்படுத்துவது என்பதும் விளங்கும்.

கடல் கடந்து சென்றோர்

1914 முதல் 1918 வரை இந்தியாவிலிருந்து 13 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் படைவீரராகவும் படைப் பணியாளராகவும் திரட்டப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் முஸ்லிம்கள் என மதிப்பிடப்படுகிறது. 74,000க்கும் மேற்பட்ட இந்தியர் உயிரிழந்தனர். பிரான்சின் பனியிலும் பெல்ஜியத்தின் சேற்றிலும், கிழக்கு ஆப்பிரிக்காவின் காடுகளிலும், எகிப்திலும், எல்லாவற்றினும் மிகுதியாக மெசபடோமியா எனப்பட்ட இன்றைய இராக்கிலும் அவர்கள் போரிட்டனர்.

இவர்களுள் பெரும்பான்மையோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். மழை பொய்த்தாலும் அந்தப் பணம் வீட்டிற்கு வந்து சேரும். கடன் அடையும், தங்கையின் திருமணம் நடக்கும். போரின் பிற்பகுதியில் பஞ்சாப் போன்ற பகுதிகளில் ஊருக்கு இத்தனை பேர் தரவேண்டும் என்று அதிகாரிகள் நெருக்கியதும் உண்டு. இவர்களுள் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள். தம் கடிதங்களைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். அவற்றையும் தணிக்கை அதிகாரிகள் படித்த பின்னரே ஊருக்கு அனுப்பினர்.

இந்தியச் சிப்பாய்களுள் முதன்முதலாக விக்டோரியா கிராஸ் விருது பெற்றவர் ஒரு முஸ்லிம். பஞ்சாபின் சக்வால் வட்டாரத்தைச் சேர்ந்த குதாதாத் கான், 129ஆம் பலூச்சிப் படைப்பிரிவில் சிப்பாயாக இருந்தவர். 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹோலபெக் என்னுமிடத்தில் அவருடைய பிரிவு இயந்திரத் துப்பாக்கிகளுடன் நின்றிருந்தது. அதிகாரி காயமுற்றார். மற்றொரு துப்பாக்கி குண்டு விழுந்து செயலிழந்தது. உடனிருந்த ஐவரும் கொல்லப்பட்டனர். தாமும் காயமுற்ற நிலையில் குதாதாத் கான் துப்பாக்கியை இயக்கிக்கொண்டே இருந்தார். அவர் இறந்துவிட்டார் என எண்ணி எதிரிகள் விட்டுச் சென்றனர். இருள் சூழ்ந்தபின் அவர் ஊர்ந்தே தம் படையை வந்தடைந்தார்.

அவர் 1971 வரை வாழ்ந்தார். அவருடைய பெயர் நூல்களில் உள்ளது. ஆனால் அவரருகில் மாண்ட அந்த ஐவரின் பெயர்களை இன்று எத்தனை பேர் அறிவர்?

உள்ளத்தைப் பிளந்த கேள்வி

முஸ்லிம் சிப்பாய்களுக்கு மற்றவர்க்கு இல்லாத ஒரு சோதனையும் வந்து சேர்ந்தது. 1914 நவம்பரில் உதுமானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. நவம்பர் 14 அன்று இஸ்தான்புல்லில் ஷைகுல் இஸ்லாம் ஆங்கிலேயர் உள்ளிட்டோருக்கு எதிராக ஜிஹாத் அறிவிப்பை வெளியிட்டார். கலீஃபா என மதிக்கப்பட்டவரின் அழைப்பு ஒருபுறம். உப்புத் தின்ற அரசுக்குச் செய்துகொடுத்த சத்தியம் மறுபுறம். புனிதத் தலங்களுக்கு ஊறு செய்யமாட்டோம் என ஆங்கில அரசு வாக்குறுதி அளித்தது. எனினும் மெசபடோமியாவில் எதிரே நின்றவர்களும் அதே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்தாம். அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள பக்தாத் நகருக்குள் 1917 மார்ச் 11 அன்று ஆங்கிலப் படை நுழைந்தபோது, அதன் அணிவகுப்பில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர்.

இச்சோதனையை எல்லோரும் ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில், முழுவதும் முஸ்லிம்களைக் கொண்டிருந்த 5ஆம் இலகு காலாட்படையின் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தனர். துருக்கியருக்கு எதிராகப் போரிட அனுப்பப்படுவோம் என்ற பேச்சு அவர்களிடையே பரவியிருந்தது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 47 பேர் சிறைச் சுவரருகே பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

பெரும்பான்மையோர் ஆங்கிலக் கொடியின் கீழேயே நின்றனர். அவர்களைக் கோழைகள் என்றோ தீனை விற்றவர்கள் என்றோ, நூறாண்டுக்குப் பின் நாற்காலியில் அமர்ந்துகொண்டு நாம் தீர்ப்புக் கூற இயலாது. அவர்கள் அறிந்த உலகம் வேறு. அவர்களுக்கு வாய்த்த வழிகள் மிகச் சில.

ஒரு தாயின் இரு மக்கள்

இதனை ஒரு குடும்பத்தின் வரலாறு நன்கு விளக்கும். மீர் தஸ்த், மீர் மஸ்த் ஆகிய இருவரும் உடன்பிறந்தவர்கள். வடமேற்கு எல்லைப்புறத்தின் ஆப்ரிதி இனத்தவர். இருவரும் ஆங்கிலேய இந்தியப் படையில் ஜமேதார் பதவி வகித்தனர்.

1915 மார்ச் தொடக்கத்தில், பிரான்சின் போர்முனையில் ஓர் இரவு, மீர் மஸ்த் சில ஆப்ரிதி வீரர்களுடன் அகழியை விட்டு வெளியேறி ஜெர்மானியரிடம் சென்று சேர்ந்தார். இரண்டு மாதங்களுக்குள், ஏப்ரல் 26 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் மீர் தஸ்த் தம் அணியை வழிநடத்தினார். நச்சு வாயு பரவிய களம் அது. ஆங்கில அதிகாரிகள் எவரும் எஞ்சாத நிலையில் சிதறிய வீரர்களை அவர் ஒன்று திரட்டினார். கடும் குண்டு மழைக்கிடையே காயமுற்ற அதிகாரிகள் எண்மரை மீட்டுவர உதவினார். அதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. 1915 ஆகஸ்டில் பிரைட்டன் நகர மருத்துவமனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே அதனை அவரிடம் அளித்தார்.

ஆங்கிலேயரின் ஏட்டில் ஒருவர் வீரர், மற்றவர் துரோகி. மறுதரப்பின் ஏட்டில் இது தலைகீழாக இருக்கும். ஆனால் அவர்களுடைய தாயின் துஆவில் இருவரும் பிள்ளைகளே. அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரை நினைவுகூர வேண்டுமாயின், ஒருவரை மறைத்து மற்றவரை மட்டும் உயர்த்தினால் அது அரைகுறை நினைவாகவே இருக்கும்.

வேலூருக்கும் இப்பாடம் புதிதன்று. மணிக்கூண்டிற்கு அருகிலுள்ள கோட்டையில்தான், 1806 ஜூலை 10 அன்று, சமயச் சின்னங்களையும் தாடியையும் தலைப்பாகையையும் குறித்த புதிய ஆணைகளால் கொதித்தெழுந்த சிப்பாய்கள் கும்பினியாருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினர். திப்பு சுல்தானின் குடும்பத்தார் அப்போது அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். ஒரே ஊர், எதிர்த்து மாண்ட சிப்பாய்களையும் பணியில் மாண்ட சிப்பாய்களையும் தன் வரலாற்றில் சுமந்து நிற்கிறது.

அந்நிய மண்ணில் அடங்கியோர்

காயமுற்ற இந்தியர்களுக்காக இங்கிலாந்தின் தென்கரையில் மருத்துவமனைகள் அமைந்தன. பிரைட்டன் நகரின் அரச மாளிகையும் 1914 இறுதியில் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. முஸ்லிம்களுக்கு ஹலால் உணவு சமைக்கத் தனிச் சமையலறை இருந்தது. தண்ணீர்க் குழாய்களும் தனித்தனியே இருந்தன. வெளியே புல்வெளியில், கிப்லாவை நோக்கித் தொழ இடம் ஒதுக்கப்பட்டது.

அங்கு இறந்த இந்துக்களும் சீக்கியரும் நகருக்கு வெளியே குன்றுகளில் எரியூட்டப்பட்டனர். முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் வோகிங் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. போபால் அரசி ஷாஜஹான் பேகத்தின் கொடையால் 1889இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் அங்குதான் உள்ளது. அதன் இமாம் மௌலவி சத்ருத்தீன் ஜனாஸாத் தொழுகைகளை முன்னின்று நடத்தினார். முஸ்லிம் வீரர்கள் மார்க்க முறைப்படி அடக்கப்படுவதில்லை என்ற செய்தியை ஜெர்மானியர் பரப்பி வந்தனர். அதனை மறுக்கவும், இமாமின் வற்புறுத்தலை ஏற்றும், ஆங்கில அரசு பள்ளிவாசலுக்கு அருகே குவிமாட வாயிலுடன் ஒரு மையவாடியை அமைத்தது.

அதன் பிற்கால வரலாறு வருத்தத்திற்குரியது. கவனிப்பாரின்றிச் சேதப்படுத்தப்பட்டதால், 1960களின் இறுதியில் அங்கிருந்த உடல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டு புரூக்வுட் இராணுவ மையவாடிக்கு மாற்றப்பட்டன. பழைய இடம் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது. 2015இல் அது அமைதிப் பூங்காவாகப் புதுப்பிக்கப்பட்டு, இரு உலகப் போர்களிலுமாக அங்கு முதலில் அடக்கப்பட்டிருந்த 27 வீரர்களின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. இருபத்தேழே பேர்தான், ஆயினும் இருபத்தேழு பெயர்கள்.

எதிர்த்தரப்பிலும் முஸ்லிம் கைதிகள் இருந்தனர். பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் ‘பிறைநிலா முகாம்’ எனப்பட்ட சிறைமுகாமில், 1915இல் மரத்தாலான ஒரு பள்ளிவாசலை ஜெர்மானியர் எழுப்பினர். கைதிகளைத் தம் பக்கம் ஈர்ப்பதே அதன் நோக்கம். ஜெர்மனியில் தொழுகைக்கெனக் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் அதுவே. அந்நாட்டு மொழியறிஞர்கள் இந்தியக் கைதிகளின் குரல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தனர். அவை இன்றும் பெர்லினில் பாதுகாக்கப்படுகின்றன. பள்ளிவாசல் இடிக்கப்பட்டுவிட்டது, அக்குரல்கள் எஞ்சியுள்ளன.

பெயர் மறுக்கப்பட்டோர்

மேலை நாடுகளில் மாண்ட இந்தியர்க்கு ஓரளவு நீதி கிடைத்தது. 1927இல் பிரான்சின் நெவ் ஷபேலில் திறக்கப்பட்ட நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இராக்கின் பஸ்ரா நினைவகம் வேறு கதை சொல்கிறது. அங்கு பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் தரவரிசை பாராமல் பொறிக்கப்பட்டன. இந்தியர்களிலோ, அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. சிப்பாய்கள், அவரவர் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, ‘மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்ற எண்ணிக்கையாகச் சுருக்கப்பட்டனர். வேலூர்க் கல்லின் அதே கணக்கு முறை, அவர்கள் மாண்ட மண்ணிலும் தொடர்ந்தது.

2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் கடந்தகாலத்தை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் உயிரிழந்த ஆசிய, ஆப்பிரிக்க, மத்திய கிழக்கு வீரர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்க்கு ஈடாக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்புக் கோரியது. பிரிட்டிஷ் அரசும் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தது.

அதே ஆண்டில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் கிடந்த பதிவேடுகளில், பஞ்சாபின் ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரங்கள் ஊர்வாரியாக எழுதப்பட்டிருந்தன. அவற்றின் ஒரு பகுதி இணையத்தில் வெளியிடப்பட்டது. எல்லைக்கு இருபுறமும் உள்ள குடும்பங்கள் தம் ஊரின் பெயரைத் தேடி, தந்தையின் பெயரைத் தேடி, தம் பாட்டனாரைக் கண்டடையும் வழி அதனால் திறந்தது.

நபிவழி காட்டும் கண்ணியம்

பெயரற்றுப் போனோரைக் குறித்து இஸ்லாம் நமக்கு என்ன கற்பிக்கிறது? ஹதீஸ் நூல்களில் பதிவான இரு நிகழ்ச்சிகளை நாம் அனைவரும் அறிவோம்.

பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த எளியவர் ஒருவர் இறந்துவிட்டார். பெரிய செய்தி அன்று எனக் கருதி, நபி (ஸல்) அவர்களுக்குத் தோழர்கள் அறிவிக்கவில்லை. அவர் எங்கே என்று நபியவர்களே விசாரித்தார்கள். செய்தியை அறிந்ததும், தமக்கு அறிவித்திருக்க வேண்டாமா எனக் கேட்டு, அவருடைய கபுருக்குச் சென்று அவருக்காகத் தொழுதார்கள்.

மற்றொன்று ஒரு போருக்குப் பின் நிகழ்ந்தது. எவரையேனும் இழந்துவிட்டீர்களா என நபியவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். அவர்கள் சிலரின் பெயர்களைக் கூறினர். மீண்டும் கேட்டார்கள், மேலும் சில பெயர்கள் வந்தன. மூன்றாம் முறை இல்லை என்றனர். தாம் ஜுலைபீபைக் காணவில்லையே என்றார்கள் நபியவர்கள். குலப்பெருமையோ செல்வமோ இல்லாதவர் ஜுலைபீப் (ரலி). தேடிக் கண்டபோது அவர் ஷஹீதாகிக் கிடந்தார். நபியவர்கள் தம் கரங்களிலேயே அவரை ஏந்திச் சென்று அடக்கம் செய்தார்கள்.

தோழர்களின் தகுதி வேறு. பிற்காலத்தில் ஒரு பேரரசின் கூலிப்படையில் நின்றோரின் நிலை வேறு. ஷஹீத் என்னும் தகுதியை வழங்குவது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அதை நாம் எவருக்கும் பட்டமாகச் சூட்ட வேண்டியதில்லை. எண்ணிக்கையில் மறைந்துபோன ஒருவரைப் பெயர் சொல்லித் தேடுவது நபிவழி என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

ஆகவே, படையில் பணியாற்றிய முன்னோரைக் கண்ணியப்படுத்துவது அவர் போரிட்ட போரைப் போற்றுவதாகாது. அவர் வாழ்வை உள்ளவாறு அறிந்து, அதற்குச் சாட்சியாக நிற்பதாகும். வறுமையால் சென்றாரெனில் அவ்வாறே சொல்வோம். துருக்கியருக்கு எதிரே நின்று உள்ளம் நொந்தாரெனில் அதையும் சொல்வோம். வெட்கத்தால் மறைப்பதும் பெருமைக்காகப் புனைவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

நாம் செய்யக்கூடியவை

பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். முதல் உலகப் போரில் பணியாற்றியோர்க்கு வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில், அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறு எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளியின் விலைக்காக அதனை உருக்கிவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் கையில் எஞ்சியுள்ள ஒரே சான்றாக அது இருக்கக்கூடும். பணி விடுவிப்புத் தாள், ஓய்வூதியப் புத்தகம், சீருடை அணிந்த புகைப்படம் ஆகியவற்றையும் படமெடுத்துப் பாதுகாத்து வையுங்கள்.

போரில் இறந்தோரின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். முஸ்லிம் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். ஆகவே ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள். தந்தையின் பெயரும் ஊரும் தெரிந்திருந்தால் தேடுதல் எளிதாகும்.

வீட்டுப் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். 1914க்கு மட்டுமன்று, இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் நின்றோர், விடுதலைக்குப்பின் இந்திய இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்று இன்று பள்ளிவாசலின் முன்வரிசையில் அமைதியாகத் தொழுதுகொண்டிருப்போர் ஆகியோருக்கும் இது பொருந்தும். இறந்தபின் கல்லில் பெயரைத் தேடுவதைவிட, உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து ஒருமணி நேரம் கேட்பது மேலான கண்ணியம்.

இவை அனைத்திற்கும் மேலாக, பிள்ளைகளின் துஆவும் முன்னோரின் பெயரால் செய்யும் தர்மமும் இறந்தோரைச் சென்றடைகின்றன. அதற்குக் கல்லும் வேண்டாம், விழாவும் வேண்டாம். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி. தெரியாவிடில், நம் ஊரிலிருந்து சென்று திரும்பாதோர் எனச் சொல்லி இறைஞ்சுவோம்.

வேலூர்க் கல்லில் அந்தப் பதினான்கு பெயர்கள் இல்லை. ஆனால் அல்லாஹ்விடம் எந்தப் பெயரும் தொலைவதில்லை. தேடும் பொறுப்பு நம்முடையது. அந்நிய மண்ணில் அடங்கிய நம் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கபுர்களை வல்ல இறைவன் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.